எஞ்சினுக்கு ஒரு வைத்தியர்

வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால், நல்ல வைத்தியர் யார் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். கல்யாணத்துக்கு நகை செய்வதானால், கைசுத்தமான தட்டார் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். வழக்கு வந்துவிட்டாலோ வக்கீலைத் தேடுகிறோம். இம்மூவரிடமும் நாம் ஒப்படைக்கும் பொருளின் உட்புறம் நமக்குத் தெரியாது. உடம்புக்குள் என்ன நடக்கிறது, உருக்கிய பொன்னில் எவ்வளவு செம்பு சேர்ந்தது, சட்டத்தின் எந்தப் பிரிவு யார் பக்கம் பேசுகிறது என்பவை அவர்களுக்குத்தான் தெரியும். தெரிந்தவரிடம் தெரியாதவர் தம் பொருளை ஒப்படைத்துவிட்டு வெளியே காத்திருக்கும் நிலைக்குத்தான் நம்பிக்கை என்று பெயர். இந்த வரிசையில் இக்காலத்தில் நாலாவதாக ஒருவரும் சேர்ந்துவிட்டார். அவர் மோட்டார் மெக்கானிக். அவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிறிது நேரம் பேசப் போகிறேன்.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை ஒன்று வைத்திருப்பவன். பெரிய ஆலைகளுக்கு வேண்டிய தண்டுகள், புஷ்கள், விளிம்புத் தகடுகள் முதலியவற்றைக் கடைந்து கொடுப்பது என் தொழில். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்பது பிறருக்குக் கணக்குப் புத்தகத்தில் வரும் எண். எனக்கோ அது அன்றாடச் சோறு. ஆயினும் மோட்டார் வைத்தியத்தில் நான் வெறும் நோயாளியின் உறவினன்தான். அந்த நிலையில் எனக்கு நேர்ந்த அநுபவத்தையே சொல்லுகிறேன்.

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் பெரிய சாலையைப் பழைய மனிதர்கள் இன்றும் ஜி.என்.டி. ரோடு என்றே சொல்லுவார்கள். செங்குன்றம் தாண்டினால் சோழவரம்; அப்பால் தச்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி; அதற்கப்பால் ஆந்திரம். இரண்டாம் உலகப் போரின்போது சோழவரத்தில் விமானங்கள் இறங்குவதற்காக ஓர் ஓடுபாதை அமைத்தார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போயின, பாதை மட்டும் வெயிலில் கிடந்தது. 1953-ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றிய பிறகு, அந்தப் பாதையிலேதான் கார்ப் பந்தயங்களும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களும் நடந்தன. வைக்கோற் கட்டுகளையும் மணல் மூட்டைகளையும் எல்லையாக வைத்து நடந்த அந்தப் பந்தயங்களைக் காணப் பட்டணமே திரண்டு வரும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் அந்தக் கழகத்தின் சொந்தப் பந்தயத் தடம் திறக்கப்படும்வரை, தென்னாட்டில் வேகம் என்றால் சோழவரம் என்றே பொருள்.

அந்தக் காலத்தில் பந்தயக் கார் விலைக்குக் கிடைக்கும் சரக்கு அன்று. பலர் வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய பியட்டையும் ஹெரால்டையுமே பட்டறைக்குக் கொண்டுபோய், கார்புரேட்டரை மாற்றி, சிலிண்டர் தலையைச் சீவி, புகைக்குழாயை வளைத்து, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்தார்கள். ஓட்டுபவர் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். இரவு முழுவதும் விழித்திருந்து எஞ்சினைப் பதப்படுத்திய மெக்கானிக்கின் பெயர் எங்கும் வராது. ஆனால் ஓட்டுபவரின் உயிர் அந்தப் பெயர் தெரியாதவரின் கையில்தான் இருந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். என் தமக்கையின் மகன் கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றில் பொறியாளனாக இருக்கிறான். தந்தையில்லாத பிள்ளை, எனக்கு மகன்போல் வளர்ந்தவன். அவனுக்குச் சிறு வயது முதல் ஓர் ஆசை. ஜப்பானியர் செய்த மாஸ்டா ஆர்எக்ஸ்-8 என்னும் காரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. வெளிநாட்டிலிருந்து குடி திரும்பிய ஒருவர் 2005-ஆம் ஆண்டு தம்மோடு கொண்டுவந்த கார் ஒன்று, கைக்குக் கை மாறி, விலை குறைந்து, இவன் காதுக்கு எட்டியது. ஆறு ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து 2021-இல் அதை வாங்கிவிட்டான். என் தமக்கை என்னிடம், "தம்பி, எனக்கு இதெல்லாம் தெரியாது. உன்னை நம்பித்தான் விட்டிருக்கிறேன்" என்றாள். நானும் தைரியமாகத் தலையை ஆட்டினேன்.

அந்தக் காரில் என்ன விசேஷம் என்று நீங்கள் கேட்கலாம். நாம் அறிந்த மோட்டார் எஞ்சினில் பிஸ்டன் என்னும் உலக்கை மேலும் கீழும் இடிக்கிறது. அந்த இடியைச் சுழற்சியாக மாற்றிச் சக்கரத்துக்கு அனுப்புகிறோம். ஆர்எக்ஸ்-8 காரிலோ உலக்கையே இல்லை. இடுப்பு சற்றே ஒடுங்கிய முட்டை வடிவமான ஓர் அறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோணக் கட்டை ஒன்று சுழல்கிறது. அதற்கு ரோட்டர் என்று பெயர். ரோட்டரின் மூன்று முனைகளும் அறைச் சுவரை எப்போதும் தொட்டுக்கொண்டே போவதால் மூன்று தனித்தனி அறைகள் உண்டாகின்றன. ஒன்றில் பெட்ரோல் கலந்த காற்று புகும்போதே, மற்றொன்றில் அது நெருக்கப்பட்டு எரிய, இன்னொன்றில் புகை வெளியேறும். அந்தக் காரில் இப்படி இரண்டு ரோட்டர்கள். இரண்டும் சேர்ந்து 1308 கன சென்டிமீட்டர்தான். ஆனால் நிமிஷத்துக்கு 9000 சுற்றுவரை அதன் தண்டு தயங்காமல் ஏறும். தண்டு மூன்று சுற்று சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றும்.

இதன் மர்மம் முழுவதும் அந்த முனைகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முனையிலும் சுமார் 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் உலோகப் பட்டை பதித்திருக்கிறார்கள். அதை ஏப்பெக்ஸ் சீல் என்பார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கும் சுவர் அதுவே. அது உடைந்தால் இரண்டு அறைகளும் ஒருங்கே பாழ். உடைந்த துண்டு சுவரைக் கீறிவிட்டாலோ, சாதாரண சிலிண்டரைப்போல் அதைக் கடைந்து பெரிதாக்கிச் சரிசெய்யவும் முடியாது. அறையையே மாற்ற வேண்டியதுதான்.

இந்த எஞ்சினைக் கற்பனை செய்தவர் பெலிக்ஸ் வாங்கெல் என்னும் ஜெர்மானியர். 1957-இல் அங்குள்ள என்எஸ்யு நிறுவனத்தில் முதல் மாதிரி ஓடியது. அதே நிறுவனம் 1967-இல் ஆர்ஓ 80 என்னும் அழகிய காரை வெளியிட, ஐரோப்பியப் பத்திரிகையாளர்கள் அதை 1968-ஆம் ஆண்டின் சிறந்த காராகத் தேர்ந்தார்கள். புகழ் வந்த வேகத்திலேயே புகாரும் வந்தது. சீல்கள் தேய்ந்தன, எஞ்சின்கள் மூச்சிழந்தன. உத்தரவாதத்தின் பேரில் எஞ்சின்களை மாற்றிக் கொடுத்துக் கொடுத்தே அந்த நிறுவனம் கை நொந்து, 1969-இல் வோக்ஸ்வாகன் குடும்பத்தில் போய்ச் சேர்ந்தது. அந்தக் கார்களை வைத்திருந்தவர்கள் சாலையில் எதிர்ப்படும்போது, தாங்கள் எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்பதை விரல்களை உயர்த்திக் காட்டிக்கொள்வார்களாம். வேடிக்கைக் கதைதான், ஆனால் அதற்குள் ஒரு கம்பெனியின் கண்ணீர் இருக்கிறது.

ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்து மாஸ்டா நிறுவனத்தார் 1961-இல் இந்த எஞ்சினுக்கு உரிமம் பெற்றார்கள். அவர்கள் செய்த எஞ்சின்களிலும் அறைச் சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. அதற்குப் 'பேயின் நகக் கீறல்' என்று பெயரிட்டார்கள். யமமோட்டோ கெனிச்சி என்பவர் தலைமையில் 47 பொறியாளர்கள் அந்தப் பேயோடு மல்லாடினார்கள். சீலின் உருவத்தையும் பொருளையும் மாற்றி மாற்றிச் சோதித்து, 1967-இல் காஸ்மோ என்னும் காரை வெளியிட்டார்கள். 1991-ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்து லே மான் நகரில் 24 மணி நேரம் ஓயாமல் ஓடும் பந்தயத்தில் மாஸ்டாவின் நான்கு ரோட்டர் கார் முதலாவதாக வந்தது. நம் நாட்டிலும் இந்த வகை எஞ்சின் செய்திருக்கிறார்கள். ஆளில்லா விமானமாகிய 'நிஷாந்த்'துக்காக நம் ஆராய்ச்சிக் கூடங்கள் உருவாக்கிய 55 குதிரைத் திறன் வாங்கெல் எஞ்சின், 2009-ஆம் ஆண்டு கோலார் அருகே அதைத் தூக்கிக்கொண்டு பறந்தது. ஆகவே இந்த எஞ்சின் கெட்டது என்று சொல்லுவது பிழை. அளந்து பார்ப்பவர் கையில் அது நன்றாகவே உழைக்கும். அளவாதவர் கையில் பேயாகிவிடும்.

எங்கள் கார் முதலில் அளவாதவர் கையில்தான் போய்ச் சேர்ந்தது. அதற்கு வழிகாட்டியவன் நானே. என் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார் என்று, வேறோர் ஊரில் கார்களைப் பதப்படுத்தும் ஒருவரிடம் 2022-இல் மருமகனை அழைத்துப் போனேன். கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடம், பளபளக்கும் கருவிகள், சுவரெல்லாம் வண்டிப் படங்கள். அவர் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். டர்போ என்னும் காற்றழுத்தும் கருவியை மாட்டினால் எஞ்சின் பலம் எவ்வளவு உயரும் என்று ஓர் எண்ணைச் சொன்னார். அந்த எண்ணைக் கேட்டதும் மருமகன் முகம் தாமரையாய் மலர்ந்தது. நானும் மயங்கினேன். பட்டறைக்காரனாகிய நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இப்போது இந்த எஞ்சினின் நிலை என்ன? அளந்தீர்களா?" அதை நான் கேட்கவில்லை. அவரும் அளக்கவில்லை. ஒரு வாரத்தில் டர்போ ஏறியது. காரோடு பிறந்த கணினிப் பெட்டி கழற்றப்பட்டு வேறொன்று வந்தது. பணமும் போயிற்று.

மூன்று ஆண்டு கார் பறந்தது. 2025-ஆம் ஆண்டு ஒரு மழைக்கால இரவில், மருமகன் தாயை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து திரும்பும்போது, கவரைப்பேட்டைக்கு அருகில் கார் ஒருமுறை குலுங்கியது. பலம் முழுவதும் பாதியாய்ப் போயிற்று. பின்னால் இரும்புச் சுருள் ஏற்றிய லாரி. அது ஒலித்த ஒலி இன்றும் தன் காதில் இருக்கிறது என்று என் தமக்கை சொல்லுவாள். எப்படியோ வண்டியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மழையில் நனைந்தபடி சாலையோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 'உன்னை நம்பித்தான் விட்டிருக்கிறேன்' என்று அவள் முன்பு சொன்னதுதான் என் காதில் ஒலித்தது.

பதப்படுத்தியவரிடம் கேட்டதற்கு, "பெட்ரோல் சரியில்லை, இன்னொரு முறை பணம் கட்டினால் பார்க்கலாம்" என்றார். வேறு வைத்தியரைத் தேடத் தொடங்கினோம். ஒருவர், "இந்த எஞ்சினைத் தூக்கி எறியுங்கள், வேறு எஞ்சின் வைத்துத் தருகிறேன்" என்றார். இன்னொருவர் வண்டியைப் பார்க்காமலே, "நாளைக் காலை கொண்டுவாருங்கள், மறுநாள் எடுத்துப் போகலாம்" என்றார். புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்பவர் ஒருவர்தாம், "செங்குன்றத்துக்குப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். சோழவரத்துப் பந்தய நாளில் பையனாக ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவர். திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் லான்சர் கார்கள் செய்தார்கள் அல்லவா? அந்தக் கார்களைப் பிரித்துப் பூட்டுவதில் கை தேர்ந்தவர். அவரைக் கேட்டுப் பாருங்கள்" என்றார்.

போனோம். தகரக் கொட்டகை. தரை மட்டும் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாய் இருந்தது. பெரியவர் காரின் மூடியைத் திறக்கவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார். எந்தப் பிளக் போட்டீர்கள்? எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றினீர்கள்? சூடான எஞ்சின் ஒரே தொடுதலில் கிளம்பிற்றா, திணறிற்றா? கடைசியில், "எழுதிவைத்த நோட்டு ஏதாவது இருக்கிறதா?" என்றார். இல்லை என்றோம். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, இந்த ஜாதி எஞ்சினை நான் இதுவரை திறந்ததில்லை. கையேட்டைக் கொண்டுவந்து கொடுங்கள், படிக்கிறேன். படித்த பிறகு என்னால் முடியாது என்று தோன்றினால் முடியாது என்று சொல்லிவிடுவேன். சோதனைக்கு மட்டும் இப்போது பணம் வாங்கிக்கொள்கிறேன். ரசீது தருகிறேன்."

அன்பர்களே, அந்த மாதத்தில் நாங்கள் ஐந்து பேரைப் பார்த்துவிட்டோம். 'எனக்குத் தெரியாது' என்று சொன்னவர் அவர் ஒருவரே. அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு முதன்முதலாக நம்பிக்கை பிறந்தது.

மூன்று வாரம் கழித்து அழைத்தார். சாதாரண எஞ்சினில் அழுத்தத்தை அளக்கும் மானியை இதில் வைத்தால் அது மூன்று அறைகளில் வலியது எதுவோ அதன் அழுத்தத்தை மட்டும் காட்டிவிட்டு நிற்கும். நொந்த அறைகள் அதன் பின்னே ஒளிந்துகொள்ளும். ஆகவே மூன்று அறைகளையும் தனித்தனியே காட்டும் கருவி ஒன்றைத் தேடிப் பிடித்து இரவல் வாங்கியிருந்தார். தண்டு நிமிஷத்துக்கு 250 சுற்றுச் சுற்றும்போது, சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோகிராம் அழுத்தம் இருப்பது ஆரோக்கியம், 6.9-க்குக் கீழே போனால் நோய். கையேடு இப்படிச் சொல்லுகிறது. எங்கள் எஞ்சினில் முன் ரோட்டரின் மூன்று அறைகளும் 7.3, 7.2, 7.3 என்று காட்டின. பின் ரோட்டர் 7.0, 2.4, 2.2 என்றது. பெரியவர் அந்த மூன்று எண்களையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒரே சமயத்தில் கூரை ஒழுகினால், நடுவே இருக்கும் பொதுச் சுவர்தானே இடிந்திருக்க வேண்டும்? ஒரு சீல் உடைந்திருக்கிறது" என்றார். பிரித்துப் பார்த்தபோது அவர் சொன்னபடியே ஒரு சீலின் மூலை உடைந்து, அறைச் சுவரில் நீளக் கீறல் விழுந்திருந்தது.

ஏன் உடைந்தது என்பதையும் ஆராய்ந்தார். 2022-இல் கார் பதப்படுத்தப்பட்டபோது பங்குகளில் கிடைத்த பெட்ரோலில் கலந்த எத்தனால் 10 விழுக்காடு. 2025-இல் அது நாடெங்கும் 20 விழுக்காடாயிற்று. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜன் உடையது. ஆதலால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். பழைய கணக்கின்படியே கணினி பீச்சிக்கொண்டிருக்க, கலவை வறண்டது. டர்போ நெருக்கிய வறண்ட கலவை தீப்பொறிக்குக் காத்திராமல் தன் போக்கில் வெடித்தது. அந்த அடியைத்தான் சீல் தாங்கவில்லை. "முதலில் செய்தவர்மேல் முழுப் பழியையும் போடாதீர்கள்" என்றார் பெரியவர். "பெட்ரோல் மாறும் என்று அவருக்கு அன்று தெரிந்திராது. ஆனால் தேய்ந்த எஞ்சினா என்று அளக்காமல் டர்போ ஏற்றியதும், ஆண்டுக்கொருமுறை கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லாததும் அவர் தவறு." இல்லாதவரைப் பற்றி நியாயமாகப் பேசுபவர் நம்மைப் பற்றியும் நியாயமாகப் பேசுவார் என்று எண்ணிக்கொண்டேன்.

இதற்குப் பிறகுதான் சோதனை என் வீட்டு வாசலுக்கு வந்தது. பாகங்களை அளக்க என் பட்டறைக்கே அனுப்பினார். "என் கண்ணாடிக்கு வயதாகிவிட்டது. உங்கள் டயல் கேஜில் அளந்து, உங்கள் கையாலேயே நோட்டில் எழுதுங்கள்" என்றார். பின் ரோட்டரின் அறை தேறாது என்பது கண்ணாலேயே தெரிந்தது. புதியது ஜப்பானிலிருந்து வர வேண்டும். மருமகனிடம் இருந்த பணம் அந்த ஒன்றுக்குத்தான் போதும். மற்றவை தேறிவிடும் என்றுதான் நம்பியிருந்தோம். இரவு எட்டு மணிக்கு நடுத்தகட்டை மேடையில் வைத்து அளந்தேன். கையேடு அனுமதித்த தேய்வைவிட நூறில் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. நம் தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய கால் பங்கு!

மருமகன் என் பக்கத்தில் நின்றான். "மாமா, நூறில் இரண்டுதானே? சரியாக இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் ஆகும்" என்றான். உண்மையைச் சொல்லுகிறேன், என் பேனா தயங்கியது. நானே அந்தத் தகட்டை அரைத்து மட்டமாக்கிவிட்டால் என்ன என்றும் தோன்றிற்று. அந்த வார்ப்பிரும்பின் மேற்பரப்பு நைட்ரைடு செய்து கடினமாக்கப்பட்டது. அதை அரைத்துவிட்டால் கடினம் போய்விடும். திரும்பக் கடினமாக்கும் வசதி என்னிடம் இல்லை. பார்ப்பதற்குக் கண்ணாடிபோல் இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் மெழுகாய்த் தேயும். நம்பத்தக்க மனிதர் ஒருவரைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவன் நான். இப்போது அந்தப் பெரியவர் என்னை நம்பி நோட்டை அனுப்பியிருக்கிறார். மழையில் நனைந்து நின்ற தமக்கையை நினைத்துக்கொண்டேன். உள்ளதை உள்ளபடியே எழுதினேன். மருமகன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். பத்து நாள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நோட்டைப் பார்த்த பெரியவர், "நல்லது" என்று மட்டும் சொன்னார். பிறகு மருமகனை வரவழைத்து, "தம்பி, இந்த எஞ்சினுக்கு இருபது வயது. டர்போவை நான் திருப்பி மாட்ட மாட்டேன். அதற்குக் கூலி அதிகம், எனக்கும் ஆசைதான். ஆனால் மாட்டினால் இன்னொரு இரவு நீ சாலையில் நிற்பாய். சட்டமும் இடம் கொடுக்காது. தயாரித்தவர் அமைத்த அமைப்பை மாற்றி, பதிவுச் சான்றுக்கு முரணாக வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2019-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வேகம் வேண்டுமானால் தடத்துக்குப் போ. முதலில் எஞ்சின் நன்றாக மூச்சு விடட்டும்" என்றார். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். டர்போவை விற்ற பணத்தில் நடுத்தகடு வாங்கினோம்.

சாமான்கள் வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. எஞ்சின் பூட்டிய பிறகும் கணினி வேலை இருந்தது. பழைய பெட்டி போன இடம் தெரியாததால், புதிய பெட்டியிலேயே இன்றைய பெட்ரோலுக்கு ஏற்ற கணக்கை எழுத வேண்டும். "இது எனக்கு வராது" என்று பெரியவர் மறுபடியும் கூசாமல் சொன்னார். திருவள்ளூரிலிருந்து ஓர் இளைஞனை வரவழைத்தார். புகைக்குழாயில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை வைத்து, எரிபொருளை முதலில் தாராளமாகக் கொடுத்து, சிறுகச் சிறுகக் குறைத்து வந்தார்கள். இளைஞன் திரையைப் பார்த்தான். பெரியவர் எஞ்சினில் காதை வைத்தார். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் அடுத்த படி. ஒவ்வொரு படியும் நோட்டில் ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். மருமகன் பத்துச் சுற்று ஓட்டினான். யாரையும் வென்றுவிடவில்லை; வெல்லும் நாளும் அன்று. எஞ்சின் மட்டும் ஒருமுறைகூடத் திணறவில்லை. இறங்கி வந்தவன் பெரியவரைப் பார்த்துச் சிரித்தான். அவரோ சிரிக்க நேரமின்றிக் கருவியை மாட்டி மறுபடி அழுத்தம் அளந்துகொண்டிருந்தார். ஆறு அறைகளும் 8-க்குக் குறையவில்லை. ஒன்றுக்கொன்று பெரிய பேதமும் இல்லை. லே மான் பந்தயத்தில் வென்ற எஞ்சினையும் 24 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு பிரித்துப் பார்த்தார்கள் என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன். வெற்றி கிடைத்த பிறகும் அளந்து பார்ப்பவனே தொழிலாளி.

நம்பத்தக்க மெக்கானிக்கை எப்படி அறிவது என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், நான் அநுபவத்தில் கண்டதைச் சொல்லுவேன். கை வைக்கும் முன் அளப்பார். அளந்ததை எழுதி நம் கையில் கொடுப்பார். கழற்றிய பழைய பாகத்தை நம்மிடமே காட்டுவார். தெரியாததைத் தெரியாது என்பார். நமக்குப் பிடிக்காததையும், தமக்கு வருமானம் குறைவதையும் வாய்விட்டுச் சொல்லுவார். கண்ணாடிச் சுவரும் காப்பியும் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அத்தகையவர் கிடைத்துவிட்டால் நமக்கும் ஒரு கடமை உண்டு. அவர் கேட்கும் கேள்விக்கு உண்மையான விடையும், அவர் கேட்கும் கால அவகாசமும் நாம் கொடுக்க வேண்டும். அவருக்கு முன்பே நாம் பொய்யான எண்ணை எழுதிவிட்டால் அவரால்தான் என்ன செய்ய முடியும்?

சென்ற வாரம் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கார் நின்றது. முன்னிருக்கைக்கு எதிரே இருக்கும் சிறு பெட்டியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. எண்ணெய் ஊற்றிய தேதி, அளவு, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் மருமகன் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. கடைசி வரியின் கீழே வேறொரு கையெழுத்து. என் தமக்கையினுடையது. மகன் ஊரில் இல்லாத நாளில் எண்ணெயைத் தானே குச்சியில் அளந்து பார்த்து, 'சரியாக இருக்கிறது' என்று எழுதியிருந்தாள்.